மண் யாரை வைத்துக்கொள்கிறது?

அரியலூர் பக்கம் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் சிப்பியைத் தேட வேண்டியதில்லை. கால் வைக்கும் இடமெல்லாம் அதுதான். கைக்கு அடக்கமான, வளைந்து தடித்த ஓடுகள் அடுக்கடுக்காகப் படிந்துதான் அங்கே பாறையே ஆகியிருக்கிறது. சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த இடம் ஆழம் குறைந்த கடல். அதன் தரையில் கூட்டம் கூட்டமாக வாழ்ந்த சிப்பிகளை இன்று வெடிவைத்துப் பெயர்த்து, லாரியில் ஏற்றி, அரைத்து, சூளையில் சுட்டு சிமெண்ட் ஆக்குகிறார்கள். நம்மில் பலரின் வீட்டுச் சுவரில் அந்தக் கடலின் ஒரு துளி இருக்கக்கூடும்.

அதே வட்டாரத்தில் கல்லமேடு என்று ஒரு ஊர். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் பி. யாதகிரியும் கே. அய்யாசாமியும் அங்கே சில ராட்சத எலும்புகளைக் கண்டார்கள். முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு மட்டுமே 2 மீட்டர் நீளம். பேருடல் கொண்டது என்ற பொருளில் அந்த விலங்குக்கு 1987-ல் ‘பிருகத்காயோசாரஸ்’ என்று பெயர் வைத்தார்கள். அவர்கள் தந்த அளவுகள் சரியென்றால், தரையில் நடந்த விலங்குகளிலேயே மிகப் பெரியவற்றுள் அது ஒன்று. ஆனால் அந்த எலும்புகள் இன்று இல்லை. எடுத்துப் பிளாஸ்டர் கட்டுப் போட்ட பிறகும் கட்டுக்குள்ளேயே உதிர்ந்து பொடியாகிவிட்டன.

ஏறக்குறைய ஒரே காலம், ஒரே சுற்றுவட்டாரம். யானைக்கும் பல மடங்கு பெரிய விலங்கு மாவாய்ப் போயிற்று. உள்ளங்கைச் சிப்பி லாரி லாரியாகக் கிடைக்கிறது. இறந்த உயிர்களில் எதை மண் வைத்துக்கொள்கிறது, எதை விட்டுவிடுகிறது என்ற கேள்விக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

இந்தக் கேள்விக்கென்றே ஒரு துறை இருக்கிறது. 1940-ல் சோவியத் தொல்லுயிரியலாளர் இவான் எஃப்ரெமோவ், புதைத்தல் என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லை எடுத்து அதற்கு ‘டாஃபொனமி’ என்று பெயரிட்டார். தமிழில் புதைவியல் என்று சொல்லலாம். எஃப்ரெமோவ் அறிவியல் புனைகதைகளும் எழுதியவர். வருங்காலத்தைக் கற்பனை செய்த அதே ஆள், இறந்தகாலம் நம் கைக்கு எப்படி வந்து சேர்கிறது என்றும் கவலைப்பட்டார்.

சாவிலிருந்து தொடங்குவோம். வெட்டவெளியில் ஒரு மாடு செத்துக் கிடந்தால் நாய், காக்கை, கழுகு, எறும்பு, புழு, பாக்டீரியா என்று வரிசையாக விருந்தாளிகள். சில வாரங்களில் எலும்பு மட்டும் மிஞ்சும். அதுவும் தங்காது. கென்யாவின் அம்போசெலி சமவெளியில் கிடந்த விலங்கு எலும்புகளை ஆண்டுக்கணக்கில் கவனித்த கே பெரென்ஸ்மேயர், 1978-ல் வெளியிட்ட ஆய்வில் அவை சிதையும் படிநிலைகளை வகுத்தார். வெயிலிலும் மழையிலும் விரிசல் விட்டு, செதில் செதிலாக உரிந்து, பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் தூளாகிவிடுகின்றன. புதைபடிவம் உருவாகக் கோடி ஆண்டு வேண்டும் என்று பள்ளியில் நமக்குள் ஓர் எண்ணம் பதிந்துவிட்டது. அது பாதிதான் சரி. கோடி ஆண்டு என்பது காத்திருக்கும் காலம். தப்புமா தப்பாதா என்பது பெரும்பாலும் முதல் சில நாட்களிலோ ஆண்டுகளிலோ முடிவாகிவிடும்.

ஆகவே முதல் தேவை, தின்பவர்களுக்கு முன்னால் மண் வந்து மூடுவது. மண் வந்து சேரும் இடங்கள் கடலடி, கழிமுகம், ஏரி, வெள்ளம் புரளும் ஆற்றுச் சமவெளி, எரிமலைச் சாம்பல் கொட்டும் நிலம். மலையிலிருந்து மண் போகுமே தவிர வராது. மலைமுகட்டில் வாழ்ந்து அங்கேயே மாண்ட விலங்குகள் ஏறக்குறைய முழுக்கவே பதிவிலிருந்து நழுவிவிட்டன. புதைபடிவங்களில் மிகப் பெரும் பங்கு ஆழமற்ற கடலில் வாழ்ந்தவற்றுடையது. அதிகமாக உயிர் வாழ்ந்த இடம் என்பதோடு, ஓயாமல் வண்டல் படியும் இடமும் அதுதான்.

காட்டின் கதை இன்னும் மோசம். ஈரமான வெப்பமண்டலக் காட்டின் தரையில் இலை மக்கி மண் புளித்திருக்கும். அந்த அமிலம் எலும்பின் சுண்ணச்சத்தைக் கரைத்துவிடும். இதனால் வந்த விநோதம் ஒன்று. மனித இனத்தின் முன்னோர்களுக்குக் கிழக்கு ஆப்பிரிக்க ஏரிக்கரைகளிலும் எரிமலைச் சாம்பல் படுகைகளிலும் எலும்புகள் ஏராளம். நமக்கு மிக நெருங்கிய உறவான சிம்பன்சியின் வம்சத்துக்கோ 2005 வரை ஒரு புதைபடிவம்கூட இல்லை. அந்த ஆண்டு கென்யாவின் கப்துரின் படிவுகளிலிருந்து சில பற்களைச் சாலி மக்பிரியர்டியும் நினா ஜப்லோன்ஸ்கியும் அறிவித்தார்கள். வயது சுமார் 5 லட்சத்து 45 ஆயிரம் ஆண்டு. ஒரு கைக்குள் அடங்கும் பற்கள்! சிம்பன்சிகள் எண்ணிக்கையில் குறைந்திருந்தன என்று இதற்குப் பொருள் கொள்வது தவறு. அவை காட்டில் செத்தன, அவ்வளவுதான்.

மண் மூடிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே என்ன நடக்கிறது? ஆக்சிஜன் இல்லாத சேற்றில் எதுவும் அழுகாது என்று வெகுகாலம் நம்பினார்கள். அழுகும். ஆக்சிஜன் தேவைப்படாத பாக்டீரியாக்கள் சல்ஃபேட்டை வைத்தே வேலையை முடித்துவிடும். காற்றில்லாத சேற்றின் நன்மை வேறு: அங்கே தின்னும் புழுவும் தோண்டும் நண்டும் வராததால் உடல் கலையாமல் கிடக்கும். அடுத்த திருப்பம் இன்னும் சுவையானது. அழிக்க வந்த பாக்டீரியாவே சில சமயம் காப்பாற்றியும் விடுகிறது. அழுகலின்போது உடலைச் சுற்றியுள்ள நீரின் வேதியியல் மாறி, ஃபாஸ்பேட், இரும்பு சல்ஃபைடு, சுண்ணாம்பு போன்ற கனிமங்கள் உடலின் மேலேயே படியத் தொடங்கும். 1990-களில் டெரிக் பிரிக்ஸும் அமாண்டா கியரும் செத்த இறால்களை மூடிய கலங்களில் அழுகவிட்டுப் பார்த்தபோது, சில வாரங்களிலேயே தசை நார்களில் ஃபாஸ்பேட் படிந்தது. அழுகும் வேகமும் கனிமம் படியும் வேகமும் ஓட்டப்பந்தயம் ஓடுகின்றன. எது முந்துகிறது என்பதைப் பொறுத்து நமக்குக் கிடைப்பது எதுவுமற்ற சேறு, அல்லது 10 கோடி ஆண்டுப் பழைய இறால் தசை.

இந்தப் பந்தயத்தின் பரிசு ஒன்றை நம் வீட்டுப் பூஜையறைகள் அறியும். சாளக்கிராமம். நேபாளத்தின் கண்டகி ஆற்றில் உருண்டு வரும் அந்தக் கரிய கற்களை உடைத்தால் பல வேளை உள்ளே இருப்பது அம்மோனைட். கணவாய்க்கு உறவான, சுருள் ஓடு கொண்ட கடலுயிரி. சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன், இமயமலை எழும்பாத காலத்துக் கடலில் அது வாழ்ந்தது. இறந்த உடலைச் சுற்றி நடந்த வேதிமாற்றத்தால் அதை ஒட்டிய சேறு மட்டும் மற்ற இடத்துக்கு முன்பே கெட்டிப்பட்டு உருண்டையாகிவிட்டது. மேலே எத்தனை மண் அழுத்தினாலும் உள்ளே உள்ள சுருள் நசுங்கவில்லை. கண்டகிக் கரையிலுள்ள முக்திநாத்தை வைணவர்கள் 108 திவ்ய தேசங்களில் ஒன்றான திருச்சாளக்கிராமமாகக் கொள்கிறார்கள். கல்லில் சக்கரம் தெரிவது ஏன் என்பதற்கு நிலவியல் சொல்லும் விளக்கம் இது. பக்தருக்கு இதில் குறை ஒன்றும் நேராது என்றே நினைக்கிறேன்.

அதே வகை உருண்டைகள் நம் ஊரிலும் உண்டு. 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் ஏரியில் மண் எடுத்தபோது பெரிய உருண்டைகள் வெளிப்பட, டைனோசர் முட்டை என்று செய்தி பறந்தது. வந்து பார்த்த நிலவியலாளர்கள் அம்மோனைட்டோடு தொடர்புடைய கடற்படிவு உருண்டைகள் என்றார்கள். ஊருக்கு ஏமாற்றம்தான். வட்டமான எதையும் முட்டையாகப் பார்ப்பது மனித இயல்பு.

இனி கல்லாவது. எல்லாரும் அறிந்த வழி கல்மரம். விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் சுமார் 2 கோடி ஆண்டுப் பழைய கல்மரங்கள் மண்மேட்டில் படுத்துக் கிடக்கின்றன. பிரெஞ்சு இயற்கையியலாளர் சோனரா 1781-லேயே இவற்றைப் பற்றிக் குறிப்பிட்டார். பல மரங்களுக்கு வேரும் இல்லை, கிளையும் இல்லை. அங்கே முளைத்தவை அல்ல, வெள்ளம் அடித்து வந்து மணலில் புதைத்தவை. மணலினூடே ஊறிய நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா, மரத்தின் செல் ஒவ்வொன்றிலும் புகுந்து படிந்தது. மரச்சத்து பிறகு போயிற்று. அதன் வரைபடம் கல்லில் நின்றது. மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் வைத்தால் நீர்க்குழாய்கள் தெரியும். அதை வைத்தே இது புளியமரத்துக்கு உறவு, இது மாமரக் குடும்பம் என்று கண்டுபிடித்துவிடுகிறார்கள். மரத்துக்கு இந்த வாய்ப்புக் கிடைத்ததற்குக் காரணம் லிக்னின். எளிதில் மக்காத அந்தப் பொருள் சிலிக்கா வந்து சேரும்வரை கட்டமைப்பைத் தாங்கிப் பிடித்தது. அதே வெள்ளத்தில் வந்த பூவும் கனியும் அவ்வளவு நாள் பொறுத்திருக்காது.

பெருமாளால் வதம் செய்யப்பட்ட வக்கராசுரனின் எலும்புகள்தான் இந்தக் கற்கள் என்று திருவக்கரையில் ஒரு கதை உண்டு. மரத்தை எலும்பாகக் கண்டார்கள். கல்லமேட்டிலோ தலைகீழ்: அந்த ராட்சத எலும்பு உண்மையில் கல்மரமாக இருக்குமோ என்று வெளிநாட்டு ஆய்வாளர்கள் சிலர் சந்தேகப்பட்டார்கள். சோதித்துப் பார்க்க எலும்பு இல்லையே.

இன்னொரு வழியைச் சுவாமிமலையில் சிலை வார்ப்பவர்கள் பார்த்தவுடன் புரிந்துகொள்வார்கள். மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டலைப் பூசி, சூடாக்கி மெழுகை வெளியேற்றினால் உள்ளே வெற்றிடம். அதில் உலோகத்தை ஊற்றினால் சிலை. சேற்றில் புதைந்த ஓடு பிறகு கரைந்துபோனால் அச்சு மட்டும் நிற்கும். அதில் வேறு கனிமம் நிரம்பினால் அசல் போன்ற வார்ப்பு கிடைக்கும். ஓட்டின் உள்ளே சேறு புகுந்து கெட்டிப்பட்டு, பிறகு ஓடு மறைந்துபோவதும் உண்டு. அரியலூர் வட்டாரத்து அம்மோனைட்டுகளில் பல இப்படி உள்வார்ப்பாகவே கிடைக்கின்றன.

ஓடு ஏன் கரைய வேண்டும்? பக்கத்திலிருக்கும் சிப்பி கரையவில்லையே. இங்கேதான் உயிரின் தன்மை கணக்கில் வருகிறது. இரண்டும் சுண்ணாம்புதான், கால்சியம் கார்பனேட். ஆனால் அதன் அணுக்கள் அடுக்கப்படும் விதம் இரண்டு. கால்சைட் என்ற அடுக்கு நிலையானது. அரகோனைட் என்ற அடுக்கு நிலத்தடி நீரில் எளிதில் கரையும் அல்லது காலப்போக்கில் கால்சைட்டாக மாறிவிடும். கல்லங்குறிச்சிச் சிப்பிகளின் ஓடு கால்சைட். அம்மோனைட்டின் ஓடு அரகோனைட். முத்துச்சிப்பியின் உள்பக்கம் மின்னுகிறதே, அந்தப் பளபளப்பும் அரகோனைட்தான். அழகு நிலைக்கவில்லை என்று ஒரு கணம் எழுதத் தோன்றுகிறது. அதே வட்டாரத்தில், காரை கிராமத்துக் களிமண் மேடுகளில் துப்பாக்கிக் குண்டு வடிவில் ஏராளமாகக் கிடைக்கும் பெலம்னைட்டும் அம்மோனைட்டைப் போலக் கணவாய்க்கு உறவுதான். ஆனால் அதன் உடலுக்குள் பின்முனையில் கெட்டியான கால்சைட் தண்டு இருந்தது. பத்துக் கைகளும் கண்ணும் மைப்பையும் கொண்ட ஓர் உயிர், ஒரு தண்டாக மட்டும் நம்மிடம் வந்து சேர்ந்தது.

எலும்பின் நிலை இடைப்பட்டது. அதில் கால்சியம் ஃபாஸ்பேட் கனிமத்தோடு கொலாஜன் என்ற புரதமும் உண்டு, துளைகளும் உண்டு. புரதம் மக்கியபின் அந்தத் துளைகளில் நல்ல கனிமம் நிரம்பினால் எலும்பு கல்லாகும். நிரம்பாவிட்டால் பொருபொருவென்று இருக்கும். கல்லமேட்டில் நேர்ந்தது அதுவே. பல்லின் எனாமலோ எடையில் 96 சதவீதம் கனிமம். ஆதிகாலப் பாலூட்டிகளில் பலவற்றைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் அவற்றின் பல்லே. சுறாவுக்கு எலும்பே கிடையாது, குருத்தெலும்புதான். ஆனால் வாழ்நாள் முழுக்கப் பல் விழுந்து முளைத்துக்கொண்டே இருக்கும். மெகலோடன் என்ற மாபெரும் சுறா எவ்வளவு நீளம் என்பதில் இன்றும் சண்டை ஓயாததற்குக் காரணம், கிடைப்பது ஏறக்குறைய பல் மட்டுமே என்பது.

பல்லின் கதையில் உச்சம் கோனோடாண்ட். 1856-ல் கிறிஸ்டியன் பாண்டர் என்பவர், கண்ணுக்கு அரிதாகத் தெரியும் பல் போன்ற நுண்துகள்களை விவரித்தார். உலகெங்கும் பழைய கடற்பாறைகளில் அவை கொட்டிக் கிடந்தன. காலத்துக்குக் காலம் வடிவம் மாறியதால், பாறையின் வயதைச் சொல்ல அவற்றைவிட நல்ல கருவி அரிது. எண்ணெய் தேடுபவர்கள்கூடப் பயன்படுத்தினார்கள். ஆனால் யாருடைய பல் என்று தெரியாது. புழு என்றார்கள், மீன் என்றார்கள், நத்தை என்றார்கள், செடியின் பாகம் என்றுகூடச் சொல்லிப் பார்த்தார்கள். ஸ்காட்லாந்தின் கிராண்டன் பகுதியில் முன்பே எடுத்துச் சேமிப்பில் வைத்திருந்த ஒரு பாறைத் துண்டில், சுமார் 4 சென்டிமீட்டர் நீளமுள்ள விலாங்கு போன்ற மெல்லுடலின் தடம் கண்ணில் பட்டது. அதன் தலையில் அந்தப் பற்கள். பிரிக்ஸ், கிளார்க்சன், ஆல்ட்ரிட்ஜ் மூவரும் 1983-ல் அதை வெளியிட்டார்கள். பல்லுக்கும் உடலுக்கும் நடுவே 127 ஆண்டு.

மெல்லுடல் மட்டுமே கொண்டவர்கள் — புழு, ஜெல்லிமீன் போன்றவர்கள் — இப்படி அபூர்வமான ஓரிரு இடங்களை நம்பியே இருக்கிறார்கள். கனடாவின் ராக்கி மலையில் சார்லஸ் வால்காட் 1909-ல் கண்டெடுத்த பர்ஜெஸ் ஷேல் அவற்றில் புகழ்பெற்றது. கடலடியில் நுண்சேறு சரிந்து விலங்குகளை உயிரோடு வாரி மூடியதால், 50 கோடி ஆண்டு கடந்தும் குடல் வரை தெரிகிறது. ஓடுள்ளவை மட்டுமே தங்கும் சாதாரணப் பாறையாக அது இருந்திருந்தால், அந்தக் கடலின் பெரும்பாலான விலங்குகள் இருந்ததாகவே நமக்குத் தெரிந்திராது. ஜெர்மனியின் சோல்ன்ஹோஃபன் சுண்ணாம்புப் பலகைகளும் அப்படி. ஆர்கியாப்டெரிக்ஸ் என்ற ஆதிப் பறவையின் இறகு அங்கே பதிந்தது. பிசினில் மாட்டிய கொசுவையும் எறும்பையும் ஆம்பர் வைத்துக்கொண்டது. பிசினில் சிக்கும் அளவுக்குச் சிறியவர்களுக்கு மட்டுமே அந்தச் சலுகை.

இந்த நல்ல படிவங்களிலும் ஒரு கண்ணி இருக்கிறது. லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் சான்சம், சாரா காபட், மார்க் பர்னெல் ஆகியோர் முதுகெலும்பிகளின் எளிய உறவினரான ஆம்ஃபியாக்ஸசையும் லாம்ப்ரே மீன் குஞ்சுகளையும் மாதக்கணக்கில் அழுகவிட்டு, எந்த உறுப்பு எப்போது போகிறது என்று குறித்தார்கள். ஆய்வகத்தின் நாற்றத்தை வாசகர் கற்பனைக்கு விடுகிறேன். 2010-ல் வந்த முடிவு முக்கியமானது: பரிணாமத்தில் பிந்தி வந்த, இனத்தை அடையாளம் காட்டும் சிறப்பு உறுப்புகள்தான் முதலில் அழுகுகின்றன, பழைய பொது உறுப்புகள் கடைசி வரை நிற்கின்றன. அழுக அழுக ஓர் உயிர் தன் தாத்தாவைப் போலத் தோற்றம் கொள்கிறது! பாதி அழுகிய நிலையில் கல்லான மீனைப் பார்த்து ‘இது மிக ஆதியானது’ என்று முன்பு எழுதியவர்கள், உண்மையில் எவ்வளவு அழுகியிருந்தது என்பதை அளந்திருக்கக்கூடும்.

உடலமைப்போடு வாழ்க்கை முறையும் சேர்கிறது. டிரைலோபைட் என்ற பழங்காலக் கடல் கணுக்காலி வளர வளரச் சட்டை உரித்தது. ஒரே விலங்கு பல புதைபடிவங்களை விட்டுச் செல்லலாம். மகரந்தத்தின் மேலுறை ஸ்போரோபொலெனின் என்ற பொருளால் ஆனது. பாறையையே கரைக்கும் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தில் போட்டாலும் மகரந்தம் மிஞ்சும். ஆகவே பூ இல்லாத இடத்திலும் பூத்த செய்தி கிடைக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸின் லா பிரேயா தார்க் குழிகளில் பாலூட்டி எலும்புகளில் பத்தில் ஒன்பது பங்கு ஊனுண்ணிகளுடையவை. சிக்கிய ஒரு மானின் அலறல் பத்து ஓநாய்களை இழுத்துவந்து சிக்கவைத்தது. அந்தக் குழியை மட்டும் நம்பினால், இரையைவிட வேட்டையாடிகள் அதிகமாயிருந்த உலகம் ஒன்றை நாம் படைத்துவிடுவோம்.

இப்படி ஒருபக்கம் சாய்ந்த பேரேட்டை வைத்துக்கொண்டு எப்படிக் கணக்குப் பார்ப்பது? சாய்வைத் தெரிந்துகொண்டு பார்ப்பதுதான். 1982-ல் ஃபிலிப் சிக்னரும் ஜெரி லிப்ஸும் எளிமையான ஒன்றைச் சுட்டினார்கள்: ஓர் இனத்தின் கடைசிப் புதைபடிவம் அதன் கடைசி உயிரியுடையது அல்ல. எனவே திடீரென்று நேர்ந்த பேரழிவும், பதிவில் படிப்படியாக நடந்ததைப் போலத் தெரியும். ஸ்பெயினின் சுமாயா கடற்கரைப் பாறைகளில், டைனோசர்கள் மறைந்த எல்லைக்கோட்டுக்குக் கீழேயே அம்மோனைட்டுகள் முடிந்துவிட்டன என்று பீட்டர் வார்ட் முதலில் கருதினார். அக்கம்பக்கத்துப் பாறைகளிலும் தேடித் துருவியபோது அவை கோடு வரைக்கும் வந்தன. கோட்டை மீறியும் வாழ்ந்து பதிவில் மட்டும் காணாமல் போனவர்களும் உண்டு. 6 கோடிக்கும் மேற்பட்ட ஆண்டுகளாகப் புதைபடிவமே இல்லாத சீலகாந்த் மீன் 1938-ல் தென்னாப்பிரிக்காவில் வலையில் வந்து விழுந்தது. அத்தனை காலமும் கணக்கில் அது செத்த இனம்.

புதைந்து கல்லானதோடு ஆபத்து தீரவில்லை. பாறை ஆழத்தில் வெந்து உருமாறினால் உள்ளே இருப்பதும் போகும். பிறகு அது மேலே வரவேண்டும், யாராவது பார்க்கவேண்டும், அதுவும் மழைக்கு முன். 1860-களிலிருந்து தொல்லுயிரியலாளர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா அரியலூர், ஊட்டத்தூர்ப் பகுதிச் சிப்பிகளையும் அம்மோனைட்டுகளையும் நூற்றுக்கணக்கில் விவரித்து எழுத முடிந்ததற்கு, செடியற்ற அந்தக் களிமண் மேடுகளை மழை ஆண்டுதோறும் அரித்துப் புதிதாகத் திறந்துவைத்ததும் ஒரு காரணம். அடுத்த மழை அதே பொருளை உடைத்து ஓடையில் சேர்த்துவிடும். காரையில் இன்றும் அப்படித்தான்.

கல்லமேட்டு எலும்பைப் பொறுத்தவரை, 2022-ல் சௌரப் பாலும் அய்யாசாமியும் களத்தில் அன்று எடுத்த பழைய புகைப்படங்களைத் தேடிப்பிடித்து வெளியிட்டார்கள். மண்ணில் பாதி புதைந்த நிலையில், பிளாஸ்டர் கட்டுடன் அந்த எலும்பு அவற்றில் கிடக்கிறது. அது மரமல்ல, எலும்பே என்று வாதிட இப்போது இருப்பது அந்தப் படங்களும் பழைய கோட்டோவியங்களும்தான். அந்த விலங்கு 100 டன்னைத் தாண்டியதா என்ற விவாதமும் அவற்றை வைத்தே நடக்கிறது.